ஊருக்கெல்லாம் ஒரே நாக்கு

சுகந்தி பஜ்ஜி தின்றால் நாகர்கோவிலில் யாரோ ஒருவர் உதட்டைத் துடைத்துக்கொள்வார். அவள் தெரியாமல் பச்சை மிளகாயைக் கடித்துவிட்டால் ஓசூர் வரைக்கும் "ஸ்ஸ்..." என்று கேட்கும். ஒருமுறை நிகழ்ச்சி முடிந்த பிறகு கருவியை அணைக்க மறந்து, பல்வலிக்குக் கிராம்புத் தைலம் தடவிக்கொண்டாள். அன்று மாலை தமிழ்நாட்டில் பாதிப் பேர் வாய் மரத்துப்போய், பேச வந்ததை விட்டுவிட்டு உட்கார்ந்திருந்தார்கள். பல குடும்பங்களில் அன்று நிம்மதி நிலவியதாகப் பிற்பாடு கடிதங்கள் வந்தன.

இதெல்லாம் தகடு வந்த பிறகு.

அதற்கு முன்பு சுகந்தியும் மற்றவர்களைப் போல வாயால் சொல்லிக்கொண்டிருந்தவள்தான். திருச்சி கொள்ளிடம் டிவியில் 'ஒரு வாய்' என்று ஒரு நிகழ்ச்சி. வீடு வீடாகப் போவாள், மெஸ் மெஸ்ஸாகப் போவாள். இலை போடுவார்கள். முதல் கவளத்தை வாயில் வைத்துக் கண்ணை மூடுவாள். கேமரா நெருங்கி வரும். "அடடா! இது சாப்பாடு இல்லீங்க, சங்கதி!" என்பாள். உப்புக் கரித்தாலும் சங்கதி, அடிப்பிடித்திருந்தாலும் சங்கதி. அதைப் பொய் என்று அவள் ஒருநாளும் நினைத்ததில்லை. ஒருவர் வீட்டில் கை நனைத்துவிட்டுக் குறை சொல்வது அவள் வளர்ந்த விதத்தில் கிடையாது.

தகட்டை அவள் வாயில் முதன்முதலாகப் பொருத்தியவள் பெனாசிர். டிவியின் பொறியாளர், எதையும் விளக்கிச் சொல்லாவிட்டால் தூக்கம் வராத பெண்.

"அக்கா, மூக்கைப் பிடிச்சுக்கிட்டு இந்தக் காப்பியை ஒரு வாய் குடிங்க."

சுகந்தி குடித்தாள். கசப்பாகச் சுடுதண்ணீர், கொஞ்சம் சர்க்கரை. அவ்வளவுதான்.

"இப்ப மூக்கை விடுங்க."

விட்டதும் எங்கிருந்தோ காப்பி வந்தது. வறுத்த கொட்டை, சிக்கரி, பால் ஏடு எல்லாம் கதவைத் திறந்துகொண்டு உள்ளே வந்து உட்கார்ந்த மாதிரி இருந்தது.

"பாத்தீங்களா? நாக்குக்குத் தெரிஞ்சதெல்லாம் உப்பு, புளிப்பு, இனிப்பு, கசப்பு, அப்புறம் காளான்லயும் கறிச்சாறுலயும் வருமே, அந்த ருசி. மீதி மொத்தமும் மூக்கு. மெல்லும்போது வாசனை தொண்டை வழியா, பின்வாசல்ல ஏறி மூக்குக்குப் போகுது. வேலை பாக்கறது மூக்கு, பேர் வாங்கறது நாக்கு."

"அப்ப காரம்?"

"காரம் ருசியே இல்லக்கா, வலி. சூடு பட்டா கத்தற அதே நரம்புதான் கத்துது. நாம காசு குடுத்து வாங்கி அழுதுக்கிறோம்."

பெனாசிர் விரல் நுனியில் ஒரு மெல்லிய தகட்டை வைத்துக் காட்டினாள். வெங்காயத் தோல் கனம்கூட இல்லை. "அண்ணம் இருக்குல்ல, அது வாய்க்குக் கூரை, மூக்குக்குத் தரை. அங்க ஒட்டிட்டா மாடி வீட்டுப் பேச்சும் கேக்கும், கீழ் வீட்டுப் பேச்சும் கேக்கும். உங்க தகடு ஒட்டுக்கேட்டு எங்களுக்கு அனுப்பும். பாக்கறவங்க வாயில இருக்கிற தகடு அதையே அவங்க நரம்புக்குத் திருப்பிச் சொல்லும். ஒண்ணு மட்டும் ஞாபகம் வச்சுக்கங்க. நாம சாப்பாட்டை அனுப்பல. சாப்பாடு உங்களுக்கு எப்படி இருக்கோ, அதை அனுப்பறோம்."

"ரெண்டும் ஒண்ணுதானே?"

"கிட்டத்தட்ட," என்றாள் பெனாசிர்.

அந்தக் 'கிட்டத்தட்ட'வை அன்று யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

வீட்டுக்கு வந்ததும் சுகந்தி அந்த மூக்கு வித்தையைக் கணவனுக்குச் செய்து காட்டினாள். ரவீந்திரன் லிஃப்ட் பராமரிக்கும் நிறுவனத்தில் மேற்பார்வையாளர். எதற்கும் பதற்றப்படாத ஆள். மூக்கைப் பிடித்துக் காப்பி குடித்தார், விட்டுக் குடித்தார்.

"எனக்கு ரெண்டும் ஒண்ணாத்தான் இருக்கு."

"நீங்க ஒழுங்காப் பிடிக்கல."

"இருக்கும்," என்று சொல்லிவிட்டு முறுக்கு டப்பாவைத் திறந்தார். எதைத் தின்றாலும் கூடவே கடித்து நொறுக்க ஒன்று வேண்டும் அவருக்கு. ரசம் சாதத்துக்கு அப்பளம், தயிர் சாதத்துக்கு வடகம், கேசரிக்குக்கூட மிக்சர். இருவருக்கும் கல்யாணமான நாளிலிருந்து ஒரே ஒரு சண்டைதான், ஆனால் அது ஓயாத சண்டை. பாலைப் பார்த்துக்கொள்ளச் சொன்னால் பக்கத்து அறையில் உட்கார்ந்து பேப்பர் படிப்பார். பால் சுண்டி, தீய்ந்து, தெருவே மூக்கைப் பொத்தும். அவர் விளையாட்டுச் செய்திப் பக்கத்தைத் திருப்பிக்கொண்டிருப்பார். "வீடு எரிஞ்சாலும் உங்களுக்கு உறைக்காது," என்பாள் சுகந்தி. அவர் பதில் சொல்லாமல் பாத்திரம் தேய்ப்பார்.

சுகந்திக்கு உடம்பு சரியில்லாத நாளில் மாற்றாக ஒரு நாக்கு வேண்டுமே என்று, அவருக்கும் அண்ணத்தில் அச்செடுத்து ஒரு அனுப்பும் தகடு செய்து வைத்திருந்தார்கள். சோதனைக்குக் கூப்பிட்ட போதெல்லாம் அவருக்கு எங்கேயாவது லிஃப்ட் மாட்டிக்கொண்டது.

தகடு தமிழ்நாட்டைப் பிடித்த வேகத்தை இப்போது சொன்னால் நம்பமாட்டீர்கள். ரேஷன் அரிசிக் கஞ்சியைக் குடித்துக்கொண்டே சுகந்தி நேற்றுச் சாப்பிட்ட ஆம்பூர் பிரியாணியை ருசிக்கலாம். மாணவர் விடுதிகளில் வார்டன்கள் சமையல்காரரை அனுப்பிவிட்டு, கஞ்சி காய்ச்ச ஒருவரையும் தகடு கழுவ ஒருவரையும் வைத்துக்கொண்டார்கள். மாப்பிள்ளை வீட்டார் பந்தியில், "அயிட்டம் வேண்டாங்க, தகடு போட்டுருக்கோம்," என்று நாகரிகமாக மறுத்தார்கள். சொந்த நாக்கு என்று ஒன்று இருப்பது ஜனங்களுக்கு மெல்ல மறக்கத் தொடங்கியது.

அவ்வப்போது சின்னச் சின்னப் புகார்கள் வரும். "ரசத்துல லேசா சோப்பு வாசம் வருதுங்க." வாடிக்கையாளர் சேவையில் இருந்த பெண் மனப்பாடமாகச் சொல்லுவாள்: "தகட்டை சோப்புப் போட்டுக் கழுவியிருப்பீங்க சார். வெறும் தண்ணில கழுவுங்க."

பாலக்கரையில் ஆரோக்கியமேரி என்பவர் ஒரு மெஸ் வைத்திருந்தார். கணவர் போன பிறகு தனியாளாக நடத்தி, இரண்டு பெண்களை நர்சிங் படிக்கவைத்துக்கொண்டிருந்தவர். அவர் கடையில் கொத்தமல்லித் துவையலுக்கு என்றே கூட்டம். சுகந்தி அங்கே நேரலைக்குப் போனாள். மேரியக்கா சுடுசாதத்தில் துவையலைப் போட்டு, நல்லெண்ணெய் ஊற்றிப் பிசைந்து, எலுமிச்சம்பழ அளவுக்கு உருட்டி அவள் உள்ளங்கையில் வைத்தார்.

"ஒரே வாயாப் போட்டுக்கங்க கண்ணு. கடிச்சுக் கடிச்சுத் தின்னா கோபம் வரும் எனக்கு."

கொத்தமல்லி என்றால் சுகந்தி சாமர்த்தியமாக ஓரம் தள்ளிவிட்டுச் சாப்பிடுகிறவள். இன்று ஓரமே இல்லை, நடுவும் அதுதான். உருண்டையை வாயில் போட்டாள், கண்ணை மூடினாள், விழுங்கினாள். "அடடா! இது சாப்பாடு இல்லீங்க, சங்கதி!"

அவள் சொல்லி முடிப்பதற்குள் தமிழ்நாடு துப்பிவிட்டது.

சேலத்தில் ஒரு கல்யாண மண்டபத்தில் முதல் பந்தி முழுக்க ஒரே சமயத்தில் எழுந்து கைகழுவும் இடத்துக்கு ஓடியது. மதுரையில் ஒரு பேருந்து ஓட்டுநர் வண்டியை ஓரங்கட்டிவிட்டு வாய் கொப்பளித்தார். குளியல் சோப்பைக் கடித்து மென்ற மாதிரி இருந்தது என்று எல்லா ஊரிலும் ஒரே சாட்சி. எந்த சோப்பு என்பதில் மட்டும்தான் கருத்து வேறுபாடு.

மறுநாளே உணவுப் பாதுகாப்பு அதிகாரி மெஸ்ஸுக்கு வந்தார். அவரும் தகடு போட்டிருந்தவர்தான்.

"சார், நீங்களே ஒரு வாய் சாப்பிட்டுப் பாருங்க," என்று மேரியக்கா கிண்ணத்தை நீட்டினார். அதிகாரி தொட்டு நக்கினார்.

"நல்லாத்தாம்மா இருக்கு. ஆனா என் ஒருத்தன் நாக்கை வச்சு நான் என்ன முடிவு பண்றது? இது கோடி நாக்கு விவகாரம். சொந்த நாக்குல தெரியலைன்னா, அவ்வளவு நைசாக் கலந்திருக்கீங்கன்னுதானே அர்த்தம்?"

மாதிரி எடுத்து ஆய்வகத்துக்கு அனுப்பினார்கள். முடிவு எப்போது வரும் என்று ஆய்வகத்துக்கே தெரியாது. மெஸ் வாசலில் சீல் வைத்தாயிற்று.

காந்தி மார்க்கெட்டில் காய் வாங்கினால் கறிவேப்பிலையும் கொத்தமல்லியும் கொசுறாகப் போடுவார்கள். கேட்காமலே போடுவதுதான் வியாபாரிக்கு மரியாதை, பை திறந்து வாங்கிக்கொள்வதுதான் வாங்குகிறவருக்கு மரியாதை. இப்போது ஜனங்கள் பையை இறுக்கி மூடிக்கொண்டார்கள். "எனக்கு வேணாம்ப்பா, புள்ளைங்க இருக்கிற வீடு." வியாபாரிகளுக்கு முகம் சுண்டியது. ஒருவர், "வாங்கலைன்னா தக்காளியையும் வச்சிட்டுப் போங்க," என்று சத்தம் போட்டு அடிதடியாகிவிட்டது. தொலைக்காட்சிகளில் ஆறேழு பேர் உட்கார்ந்து 'கொத்தமல்லியின் பின்னால் யார்?' என்று விவாதித்தார்கள். ஒரு சோப்பு நிறுவனம் கொள்ளிடம் டிவிக்கு விளம்பரம் தர ஆள் அனுப்பியது.

ஞாயிற்றுக்கிழமை காலையில் மேரியக்கா சுகந்தியின் வீட்டுக் கதவைத் தட்டினார். கையில் ஒரு டிபன் டப்பா.

"நான் சண்டைக்கு வரல கண்ணு. ஒரே ஒரு வார்த்தை கேட்டுட்டுப் போறேன். இது அன்னிக்கு அரைச்ச அதே பக்குவம். நீங்க வாயில போட்டுட்டு அடடான்னீங்க. ஊரே சோப்புங்குது. நீங்க சொல்லுங்க, சோப்பு இருந்துச்சா, இல்லையா?"

சுகந்தி டப்பாவை வாங்கி, விரலில் தொட்டு வைத்துப் பார்த்தாள்.

"இருந்துச்சுக்கா."

மேரியக்காவின் முகம் வெளுத்துப்போனது. "இருந்துச்சா?"

"எப்பவும் இருக்கிறதுதானே. கொத்தமல்லின்னாலே சோப்பு வாசம்தானே?"

மேரியக்கா டப்பாவை எட்டி ஒருமுறை மோந்து பார்த்தார்.

"என்ன கண்ணு சொல்றீங்க?"

"இல்லக்கா... எல்லாருக்கும் தெரியும், யாரும் சொல்றதில்லன்னு நெனச்சுக்கிட்டிருக்கேன். சின்ன வயசுல ஒரு கல்யாணத்துல சோப்பு சோப்புன்னு கத்தினேன். அம்மா தொடையில கிள்ளி, சாப்பாட்டைக் குறை சொல்லாதேன்னாங்க. அப்பவே புரிஞ்சுக்கிட்டேன். சும்மா குடுக்கறதை வேணாம்னு சொல்ல முடியாம வாங்கிக்கிறாங்க, வாங்கினதை வீணாக்காம போடறாங்க, போட்டதைக் குறை சொல்லாம சாப்பிடறாங்க..."

"நாப்பது வயசுக்கு மேல ஆகுது உங்களுக்கு," என்றார் மேரியக்கா. "தமிழ்நாடே மரியாதைக்கு சோப்பு தின்னுக்கிட்டிருக்குன்னா நெனச்சீங்க?"

சுகந்தி கணவனைத் திரும்பிப் பார்த்தாள். "என்னங்க, நீங்க சொல்லுங்க. சோப்பு வாசம் வருதா இல்லையா?"

ரவீந்திரன் ஒரு வாய் எடுத்துப் போட்டுக்கொண்டார். "எனக்கு சோப்பும் தெரியல, ஒண்ணும் தெரியல. நல்லாத்தான் இருக்கு. அப்பளம் இருக்கா?"

மேரியக்காவோடு பெனாசிரிடம் போனபோது அவள் தலையில் கை வைத்துக்கொண்டு சிரித்தாள். பிறகு சிரித்ததற்காக மேரியக்காவிடம் மன்னிப்புக் கேட்டாள்.

"கொத்தமல்லி வாசத்துக்குக் காரணமான சில பொருள் இருக்குக்கா. அதே குடும்பத்துப் பொருள் சோப்புலயும் உண்டு. பெரும்பாலான மூக்குக்கு மத்த பச்சை வாசம்தான் முன்னாடி நிக்கும். கொஞ்சம் பேருக்கு மட்டும் பொறக்கும்போதே மூக்குல ஒரு காவக்காரன் ரொம்ப உஷாரா இருப்பான். அவனுக்கு சோப்பு மட்டும்தான் கண்ணுல படும். நீங்க அந்தக் கொஞ்சம் பேர்ல ஒருத்தர். நோயும் இல்ல, குறையும் இல்ல. ஆனா..." அவள் குரல் இறங்கியது. "நாங்க ஊருக்கே உங்க மூக்கை மாட்டிவிட்டுட்டோம்."

நிகழ்ச்சித் தயாரிப்பாளர் ஜெகதீசனுக்கு விஷயம் சொன்னதும் அவர் முதலில் கதவைச் சாத்தினார்.

"சுகந்தி மேடம், இது இந்த அறையை விட்டுப் போகக் கூடாது. உங்க நாக்கை நம்பித்தான் கம்பெனியே நடக்குது. நாக்கு சரியில்லன்னு நீங்களே சொன்னா, தகட்டை எவன் வாங்குவான்? உங்களை எவன் கூப்பிடுவான்?"

"மேரியக்கா கடை?"

"ஆய்வக முடிவு வரும். தானாத் திறப்பாங்க."

"அதுக்குள்ள அவங்க ரெண்டாவது பொண்ணு காலேஜை விட்டு நின்னுடும் சார்."

"அதுக்கு நீங்களும் நானும் என்ன பண்ண முடியும்? நீங்க இத்தனை வருஷம் எல்லாத்தையும் அடடான்னு சொன்னவங்க. இன்னொரு தடவை சொல்றதுல என்ன கஷ்டம்?"

அந்தக் கேள்விதான் அவளைக் குத்தியது. இத்தனை நாளும் தன் மரியாதையால் யாருக்கும் நஷ்டமில்லை என்று அவள் நினைத்திருந்தாள். இப்போது அவள் வாய் அடடா என்று சொல்ல, அண்ணத்தில் ஒட்டிய தகடு வேறொன்றைச் சொல்ல, நடுவில் ஒரு மெஸ் மூடிக் கிடந்தது.

அடுத்த நேரலைக்கு அவள் மேரியக்காவை அரங்கத்துக்கே அழைத்து வந்துவிட்டாள். உணவுப் பாதுகாப்பு அதிகாரியும் முன்வரிசையில், வாயில் தகட்டோடு. ரவீந்திரனையும் இழுத்து வந்திருந்தாள். ஜெகதீசனுக்கு விளம்பர இடைவேளையில்தான் விஷயம் புரிந்தது, அதற்குள் இடைவேளை முடிந்துவிட்டது.

"வணக்கம். இன்னிக்கு நான் எதையும் சாப்பிடப் போறதில்ல," என்றாள் சுகந்தி கேமராவைப் பார்த்து. "அன்னிக்கு நீங்க துப்பினது மேரியக்கா துவையலை இல்ல, என் மூக்கை." கொத்தமல்லி, கல்யாண வீட்டுக் கிள்ளு, மூக்கிலுள்ள காவல்காரன் என எல்லாவற்றையும் சொன்னாள். "இது என் வேலைக்கு உலை வைக்கிற விஷயம்னு தெரியும். ஆனா ஒருத்தங்க அடுப்பு அணைஞ்சு கிடக்கு. அதனால இன்னிக்கு வேற ஒரு நாக்கு."

மேடைக்குப் பின்னால் ரவீந்திரன் நகர்ந்து நகர்ந்து வாசல் வரை போயிருந்தார். பெனாசிர் அவர் முழங்கையைப் பிடித்து நிறுத்தினாள்.

"அத்தான், வாயைத் திறங்க."

"எனக்கு ஸ்ரீரங்கத்துல ஒரு லிஃப்ட்டு..."

"லிஃப்ட்டு படியில இறங்கி வரட்டும். ஆ காட்டுங்க."

சுகந்தி தன் அனுப்பும் தகட்டைக் கழற்றிவிட்டு, பார்வையாளர் தகடு ஒன்றை அண்ணத்தில் ஒட்டிக்கொண்டாள். அவளுக்கு அது முதல் தடவை. இவ்வளவு காலமும் அனுப்பிக்கொண்டே இருந்தவளுக்கு வாங்கிப் பார்க்க நேரமே வாய்த்ததில்லை. உள்ளுக்குள் ஒரு சின்னப் பிள்ளை ஆசை அவளுக்கு. மேரியக்கா கடை பிழைக்க வேண்டும், சரி. அதோடு, ஊரெல்லாம் கொண்டாடுகிற அந்தக் கொத்தமல்லி வாசத்தை இன்று தானும் தெரிந்துகொள்ளப் போகிறோம்.

மேரியக்கா உருண்டை பிடித்துக் கொடுத்தார். ரவீந்திரன் போட்டுக்கொண்டார். மென்றார்.

சுகந்தியின் வாயில் உப்பு வந்தது. புளிப்பு வந்தது. பச்சை மிளகாயின் எரிச்சல் வந்தது. பிறகு ஒன்றும் வரவில்லை.

சோப்பு இல்லை. ஆனால் கொத்தமல்லியும் இல்லை, தேங்காயும் இல்லை, நல்லெண்ணெயும் இல்லை. ஆள் நடமாட்டமில்லாத வீட்டில் விளக்கைப் போட்ட மாதிரி உப்பும் புளியும் மட்டும் தனியாக நின்றுகொண்டிருந்தன.

அரங்கம் கைதட்டியது. "சோப்பு இல்ல! சோப்பே இல்ல!" அதிகாரி எழுந்து நின்று, கோடி நாக்கு சார்பாகத் தலையாட்டினார். "கொஞ்சம் சப்புன்னு இருக்கு, ஆனா சுத்தம்," என்றார். மேரியக்கா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். கட்டுப்பாட்டு அறைக் கண்ணாடிக்குப் பின்னால் பெனாசிர் எதையெதையோ திருகிப் பார்த்துவிட்டு, சிக்னல் சரியாகத்தான் இருக்கிறது என்று கையை விரித்தாள்.

"தம்பிக்கு வாய் எரியும், இந்தாங்க," என்று மேரியக்கா ஒரு டம்ளர் காப்பியை ரவீந்திரன் கையில் கொடுத்தார். அவர் ஒரு வாய் குடித்தார்.

கசப்பாகச் சுடுதண்ணீர், கொஞ்சம் சர்க்கரை. அவ்வளவுதான்.

சுகந்தி திரும்பிப் பார்த்தாள். அவர் ஒரு கையில் டம்ளர் இருந்தது. மறு கை மேசைமேல் இருந்தது. மூக்கை யாரும் பிடித்துக்கொண்டிருக்கவில்லை.

அவளுக்குப் புரிந்தது. துவையலில் நிஜமாகவே சோப்பைக் கரைத்திருந்தாலும் அந்த மூக்குக்கு அதன் வாசம் எட்டியிருக்காது. சாட்சி சொல்லத் தகுதியே இல்லாத ஒரு சாட்சி, தற்செயலாக உண்மையைச் சொல்லிவிட்டது. இதைக் கேமராவுக்குச் சொல்ல வேண்டுமா? முன்வரிசையில் அதிகாரி சீலைப் பிரிக்க உத்தரவு எழுதிக்கொண்டிருந்தார். ரவீந்திரன் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார், லிஃப்ட்டில் அல்ல, வேறெங்கோ மாட்டிக்கொண்ட முகத்தோடு.

"சங்கதி," என்றாள் சுகந்தி மெதுவாக. அன்று அவள் 'அடடா' சொல்லவில்லை.

பாலக்கரை மெஸ் மறுநாள் திறந்தது. ஆய்வக முடிவும் பின்னால் வந்தது, சோப்பு இல்லை என்று. அதற்குள் அதைக் கேட்பாரில்லை. கொள்ளிடம் டிவிக்கு வந்த அழைப்புகள்தான் வேடிக்கை. "எங்களுக்கும் எப்பவும் சோப்புதாங்க, யார்கிட்ட சொல்றதுன்னு தெரியாம இருந்தோம்," என்று ஊர் ஊராகக் கூப்பிட்டார்கள். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து மாமியார் துவையலில் எதையோ கலக்கிறார் என்று நம்பியிருந்த ஒரு மருமகள் நேரலையில் அழுதாள், மாமியார் பின்னாலிருந்து, "இப்பவாவது தெரிஞ்சுக்கோ!" என்று கத்தினார். காந்தி மார்க்கெட்டில் பைகள் திறந்தன. சிலர் மட்டும் பையை மூடிக்கொண்டு, "எனக்கு சோப்பு மூக்குங்க," என்று பெருமையாகச் சொல்லிக்கொண்டார்கள்.

மெஸ் திறந்த அன்றே சுகந்திக்கு வேலை போய்விட்டது. ஜெகதீசன் அதற்கு 'நாக்குக்கு ஓய்வு' என்று பெயர் வைத்தார். அன்று சாயங்காலமே அவர் மறுபடி போன் செய்தார்.

"மேடம், அண்ணனைக் கொஞ்சம் பேசச் சொல்லுங்க. பத்தியச் சாப்பாட்டுக்காரங்க எல்லாம் அவர் நாக்குதான் வேணுங்கறாங்க. அதுல சாப்பிட்டா எதுமேலயும் ஆசையே வரலையாம். எடை குறையுமாம்!"

"அவருக்கு லிஃப்ட்டு மாட்டிக்கிச்சு சார்," என்று வைத்துவிட்டாள்.

ரவீந்திரன் எதிரில் உட்கார்ந்து முறுக்கை உடைத்துக்கொண்டிருந்தார், தின்னவில்லை.

"எப்பலேருந்து?" என்றாள்.

"பொறந்ததுலேருந்து."

"ஏன் சொல்லல?"

"சின்ன வயசுல எனக்கே தெரியாது. எல்லாரும் வாசம் வாசம்னு சொல்றது சும்மா மரியாதைக்குன்னு நெனச்சுக்கிட்டிருந்தேன்." அவர் கொஞ்சம் சிரித்தார். "அப்புறம் புரிஞ்சுது. சொல்லலாம்னா ஒரு நேரம் வரணும்ல? உன்னைப் பொண்ணு பாக்க வந்த அன்னிக்கு அம்மா சொல்லிக் கூட்டிட்டு வந்தாங்க. 'என்ன குடுத்தாலும் சாப்பிட்டுட்டு, நெய் வாசம் தூக்குதுன்னு சொல்லுடா'ன்னு. சொன்னேன். நீ சிரிச்ச. சிரிச்சப்புறம் எப்படி வாபஸ் வாங்கறது?"

சுகந்தி அவரையே பார்த்தாள். பால் விஷயத்தில் இத்தனை வருஷமாகத் திட்டிய திட்டெல்லாம் வரிசையாக வந்து நின்றது. அவர் ஒருநாளும் பதில் சொல்லாமல் தேய்த்த பாத்திரங்களும்.

"அன்னிக்கு கேசரி அடிப்பிடிச்சிருந்துச்சு," என்றாள்.

"எது?"

"அந்தக் கேசரி. கூடம் முழுக்கத் தீஞ்ச வாசம். உங்க அம்மாவே முகத்தைச் சுளிச்சாங்க. எங்க அப்பா தலையைக் குனிஞ்சுக்கிட்டார். நீங்க மட்டும் ஒரு வாய் சாப்பிட்டுட்டு, நெய் வாசம் தூக்குதுன்னீங்க. ஒருத்தர் மனசு நோகாம இப்படிப் பேசற மனுஷன் கிடைப்பாரான்னுதான் நான் சரின்னு சொன்னேன்."

ரவீந்திரன் கையிலிருந்த முறுக்கைக் கீழே வைத்தார்.

"தீஞ்சிருந்துச்சா?"

இருவரும் ஒரே சமயத்தில் சிரிக்கத் தொடங்கினார்கள். சிரித்துச் சிரித்துச் சுகந்திக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அப்போதுதான் சமையலறைப் பக்கமிருந்து தீய்ந்த வாசம் வந்தது. எழுந்து ஓடிப்போய் அடுப்பை அணைத்தாள். பால் சுண்டி, அடி கறுத்திருந்தது. வழக்கமாகத் திட்டத் திறக்கிற வாய் திறந்தது, மூடிக்கொண்டது.

"என்னங்க, பால் தீஞ்சிருச்சு," என்றாள்.

அவர் வந்து பக்கத்தில் நின்று, பாத்திரத்துக்குள் எட்டிப் பார்த்தார்.

"சுகந்தி, அது எப்படி இருக்கும்?"

"எது?"

"அந்த வாசம்."

வருஷக்கணக்காக ஊருக்கெல்லாம் ருசி சொன்ன வாய்க்கு ஒரு வார்த்தைகூட அகப்படவில்லை. கரண்டியால் அடியைச் சுரண்டிக்கொண்டே யோசித்தாள். அவர் பொறுமையாகக் காத்துக்கொண்டிருந்தார்.

"முதல்ல," என்றாள் சுகந்தி, "சோப்பு மாதிரி இருக்காது."